போர்ச்சுகலில் தனியாகப் பதினான்கு இரவுகள்: முதுகுப்பைப் பயணத்துக்குச் செலவுத் திட்டம் போடும் முறை

ஐரோப்பிய நாடு ஒன்றை முதுகுப்பையுடன் தனியாகச் சுற்றிவர எவ்வளவு பணம் வேண்டும் என்று விசாரிப்பவர்களுக்குப் பெரும்பாலும் ‘ஒரு நாளைக்கு இத்தனை யூரோ’ என்ற ஒற்றை எண்ணே பதிலாகக் கிடைக்கிறது. அந்த எண்ணை நாட்களால் பெருக்கிக்கொண்டு கிளம்புபவர் இரண்டாவது வாரத்தில் கையைப் பிசைவார். இல்லையென்றால், தேவையே இல்லாமல் வயிற்றைக் கட்டிப் பாதிப் பணத்தைத் திரும்பக் கொண்டுவருவார். பயணச் செலவு நாள்தோறும் ஒரே சீராக ஓடுவதில்லை. எந்த மாதத்தில், எந்த ஊரில், எத்தனை இரவு தங்குகிறோம் என்பதுதான் மொத்தத் தொகையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே திட்டத்தை நாள் கணக்கில் தொடங்காமல் இரவுக் கணக்கில் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை.

எடுத்துக்காட்டாகப் போர்ச்சுகலை எடுத்துக்கொள்கிறேன். முதன்முறை தனியாகப் போகிறவர்களுக்கு அது ஏற்ற நாடு. தலைநகரான லிஸ்பனிலிருந்து வடக்கே உள்ள போர்ட்டோவுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான் ஆகும். விடுதிகள் தரமாக இருக்கின்றன, நகரங்களில் ஆங்கிலம் பேசிச் சமாளிக்கலாம், பிரான்சையோ சுவிட்சர்லாந்தையோ ஒப்பிட்டால் விலைவாசியும் குறைவு. இங்கே தரும் விலைகள் திட்டமிடுவதற்கான தோராய மதிப்புகள். ரூபாய்க் கணக்குக்கு ஒரு யூரோவை 105 ரூபாய் என்று கொண்டிருக்கிறேன். நீங்கள் திட்டம் போடும் வாரத்தின் மாற்று விகிதத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில்: காட்ட வேண்டிய பணமும் செலவழிக்க வேண்டிய பணமும்

இவை இரண்டும் வேறு வேறு என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. போர்ச்சுகலுக்குள் குறுகிய காலத்துக்கு வருபவரிடம், ஒவ்வொரு நுழைவுக்கும் 75 யூரோவும் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 40 யூரோவும் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விதி சொல்கிறது. பதினான்கு இரவு, அதாவது பதினைந்து நாள் தங்குபவருக்கு இது 675 யூரோ. இதைப் பார்த்ததும் ‘அரசே இவ்வளவுதான் ஆகும் என்கிறது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது நுழைவுக்கான குறைந்தபட்ச அளவு. கீழே வரும் கணக்கில் உண்மையான செலவு அதைக் கணிசமாகத் தாண்டுவதைக் காண்பீர்கள். விசா அதிகாரி உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்க்கும்போது இந்தத் தொகையோடு வருமானத்தின் ஒழுங்கையும் சேர்த்தே எடைபோடுவார். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கடன் வாங்கிக் கணக்கில் பெருந்தொகையைப் போட்டுவைப்பது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, தேவை. பயணத்தின் பெரும்பகுதி போர்ச்சுகலில் கழிவதால் அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும்; விமானம் ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனாலும் விண்ணப்பம் ஜெர்மனிக்கு அல்ல. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம்; கடைசியாக 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும், ஆனால் அந்த எல்லை வரை காத்திருப்பது சரியல்ல. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். நல்ல காலமாக இது பெரிய செலவில்லை. இளம் வயதினருக்கு இரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 2,000 ரூபாயில் முடிந்துவிடும்.

விசா கிடைக்கும் வரை, பணம் திரும்பாத எந்த முன்பதிவையும் செய்யாதீர்கள். விடுதிகளை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவுசெய்து, அந்த ஆவணங்களை விண்ணப்பத்துடன் வையுங்கள். ரத்து செய்ய முடியாத பதிவு இரண்டு மூன்று யூரோ மலிவாகத் தெரியும். அந்த மலிவை விசா வந்த பிறகு தேடிக்கொள்ளலாம்.

இரண்டாவது: இரவுகளை ஊர்களுக்குப் பங்கிடுங்கள்

ஒரு தாளை எடுத்து ஊர்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரவுகளின் எண்ணிக்கையைப் போடுங்கள். பதினான்கு இரவுக்கு நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது: லிஸ்பனில் நான்கு, எவோராவில் இரண்டு, கோயிம்ப்ராவில் இரண்டு, பிராகாவில் இரண்டு, போர்ட்டோவில் நான்கு. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் போகும் இந்த வழியில் லிஸ்பனில் இறங்கி போர்ட்டோவிலிருந்து விமானம் ஏறலாம். இரு நகரங்களையும் இணைத்துப் பயணச்சீட்டு வாங்கினால், கடைசி நாளில் லிஸ்பனுக்குத் திரும்பிவரும் ரயில் செலவும் ஒரு பகல் பொழுதும் மிச்சமாகும்.

ஏழு எட்டு ஊர்களை எழுதத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் சிக்கனத்தின் பெரும்பகுதி. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் டிக்கெட், பையை வைக்கப் பூட்டுப்பெட்டி, சமைக்க முடியாமல் வெளியே வாங்கும் சாப்பாடு, புது ஊரில் வழி தெரியாமல் பிடிக்கும் வாடகைக் கார் என்று கண்ணுக்குத் தெரியாமல் 20, 30 யூரோ கரைகிறது. ஓர் ஊரில் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்குவதில்லை என்ற விதியை முதல் பயணத்துக்காவது வைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கடற்கரையான அல்கார்வேயை இந்தப் பங்கீட்டில் சேர்க்காததும் இதனால்தான். அது நாட்டின் மறுமுனை. கடல்தான் வேண்டும் என்பவர் வடக்கு ஊர்களை விட்டுவிட்டுப் பயணத்தைத் தெற்கில் மட்டும் அமைத்துக்கொள்வது நல்லது.

எவோராவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2027-இல் அந்த ஊர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருக்கும். அந்த ஆண்டில் சிறிய ஊரின் மலிவை அங்கே எதிர்பார்க்காதீர்கள். படுக்கைக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள்.

மாதம்

ஒரே விடுதியின் ஒரே படுக்கை பிப்ரவரியில் 20 யூரோவுக்கும் ஆகஸ்ட்டில் 40 யூரோவுக்கு மேலும் போகும். பள்ளி விடுமுறை, கடற்கரைக் கூட்டம், புலம்பெயர்ந்த போர்ச்சுகீசியர்கள் ஊர் திரும்பும் காலம் எல்லாம் ஆகஸ்ட்டில் ஒன்றாகச் சேர்கின்றன. ஜூன் 12 இரவில் லிஸ்பனில் புனித அந்தோனியார் விழா. ஜூன் 23 இரவில் போர்ட்டோவில் புனித யோவான் விழா. தெருவே சமையலறையாகி மத்தி மீன் சுடும் புகை எழும் இந்த விழாக்களைப் பார்க்கத்தான் போகிறேன் என்றால் சரி, பல மாதம் முன்பே படுக்கையைப் பதிவுசெய்யுங்கள். தெரியாமல் அந்த வாரத்தில் போய் மாட்டிக்கொண்டால் முழுத் திட்டமும் குலையும். அதேபோல, மே 13-ஐயும் அக்டோபர் 13-ஐயும் ஒட்டி ஃபாத்திமா மாதா திருத்தலத்துக்கு யாத்திரிகர்கள் திரள்வதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இடம் கிடைப்பது கடினம்.

குளிர்காலம் மிக மலிவு. ஆனால் போர்ட்டோவில் அப்போது மழை விடாமல் பெய்யும். பழைய கட்டடங்கள் பலவற்றில் வெப்பமூட்டும் வசதி போதாது. நனைந்த துணி இரண்டு நாளானாலும் காயாது. என் தேர்வு மார்ச் பிற்பகுதி அல்லது அக்டோபர் பிற்பகுதி. இந்தக் கட்டுரையின் கணக்கும் அந்தக் காலத்துக்கானது. ஈஸ்டர் வாரம் வந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

படுக்கைக்கான செலவு

முதுகுப்பைப் பயணிகள் தங்குவது பொது அறையில் ஒரு படுக்கை என்ற முறையில்தான். தனி அறை 60, 70 யூரோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. பகிர்ந்துகொள்ள ஆளில்லாததால் தனிப்பயணி அந்த முழுத் தொகையையும் தானே சுமக்க வேண்டியிருக்கும். பொது அறைப் படுக்கைக்கு லிஸ்பனில் 30, போர்ட்டோவில் 27, எவோராவில் 24, கோயிம்ப்ராவிலும் பிராகாவிலும் 22 யூரோ என்று மார்ச், அக்டோபர் போன்ற இடைப்பட்ட காலத்துக்குக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பெண்களுக்கு மட்டுமான அறைகளில் இரண்டு மூன்று யூரோ கூடுதலாக இருக்கும். வேண்டுமென்றால் அதைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

இதன் மேல் நகராட்சிகள் தனியாக விதிக்கும் சுற்றுலா வரி வருகிறது. முன்பதிவுத் தளத்தில் பெரும்பாலும் இது விலையில் சேர்க்கப்படாமல், விடுதிக்குப் போன பிறகு தனியே வாங்கப்படும். லிஸ்பனில் 2024 செப்டம்பர் முதல் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. போர்ட்டோவில் 3 யூரோ. இரண்டிலும் தொடர்ந்து ஏழு இரவு வரைதான் வாங்குவார்கள். சிறிய ஊர்களில் ஒன்றிரண்டு யூரோவுக்குள் அடங்கும். 30 யூரோப் படுக்கைக்கு நான்கு யூரோ என்பது சிறிய விகிதமல்ல.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: பயணிகள் பயன்படுத்தக்கூடிய சமையலறை, படுக்கைக்குத் தனிப் பூட்டுப்பெட்டி, ரயில் அல்லது மெட்ரோ நிலையத்திலிருந்து நடை தூரம். சமையலறை இல்லாத 24 யூரோப் படுக்கையைவிட, சமையலறையும் காலை உணவும் உள்ள 28 யூரோப் படுக்கையே மலிவு. ‘பொசாதா த ஜுவெந்தூத்’ என்ற பெயரில் நாடு முழுவதும் உள்ள இளைஞர் விடுதிகளையும் பாருங்கள். அவை சற்றே பழைய பாணியில் இருந்தாலும், பெரிய நகரங்களுக்கு வெளியே பல சமயம் விலை குறைவு.

நமது எடுத்துக்காட்டில் லிஸ்பனுக்கு வரியுடன் 136, எவோராவுக்கு 48, கோயிம்ப்ராவுக்கு 44, பிராகாவுக்கு 44, போர்ட்டோவுக்கு வரியுடன் 120, சிறிய ஊர்களின் வரிக்குப் பொதுவாகப் 10 என மொத்தம் 402 யூரோ வருகிறது. பயணத்தின் தனிப்பெரும் செலவு இதுதான்.

ரயிலும் பேருந்தும்

தேசிய ரயில் நிறுவனமான சி.பி.யின் இணையதளத்தில் நேரடியாக டிக்கெட் வாங்குங்கள்; இடைத்தரகுத் தளங்கள் கட்டணம் சேர்க்கும். ‘அல்ஃபா பெந்துலார்’ என்பது வேகமான ரயில், ‘இன்டர்சிதாதிஷ்’ அதற்கு அடுத்தது, ‘ரெஜியோனால்’ எல்லா ஊரிலும் நிற்கும் சாதாரண ரயில். முதல் இரண்டில் முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு நல்ல தள்ளுபடி உண்டு, எனவே தேதி உறுதியானவுடன், குறைந்தது ஒரு வாரம் முன்பாகவாவது வாங்கிவிட வேண்டும். வட்டார ரயில்களில் கட்டணம் மாறுவதில்லை. அன்றே நிலையத்தில் வாங்கினால் போதும். இந்தத் தூரங்களுக்கு ஐரோப்பிய ரயில் பாஸ் வாங்குவது வீண். தனித்தனி டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை அதன் விலையை எட்டாது.

போர்ச்சுகலில் ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் அபூர்வமல்ல. ‘கிரெவ்’ என்ற சொல்லை நிலைய அறிவிப்பில் பார்த்தால் அதுதான். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள் என்பதால், பயணத்துக்கு மூன்று நாள் முன்பு ஒருமுறை செய்தியைப் பார்த்து, தேவைப்பட்டால் ‘ரெதி எக்ஸ்பிரஸோஷ்’ போன்ற நிறுவனங்களின் பேருந்துக்கு மாறிக்கொள்ளலாம். லிஸ்பனிலிருந்து எவோராவுக்கு எப்போதுமே பேருந்து வசதியானது; ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ 12 யூரோ. கோயிம்ப்ராவுக்குப் போகும்போது நெடுந்தூர ரயில்கள் நிற்பது ஊருக்குச் சற்றுத் தள்ளியுள்ள ‘கோயிம்ப்ரா-பே’ நிலையத்தில் என்பதை நினைவில் வைத்து விடுதியைத் தேடுங்கள்.

லிஸ்பன் விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, போர்ட்டோவிலும் அப்படியே. வாடகைக் கார் வேண்டாம். லிஸ்பனில் 50 சென்ட்டுக்கு ‘நவெகாந்த்’ அட்டை ஒன்றை வாங்கி, அதில் பணம் ஏற்றிப் பயன்படுத்தினால் மெட்ரோ, டிராம், படகு, அருகிலுள்ள சின்ட்ரா என்ற ஊருக்குச் செல்லும் புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். நகருக்குள் ஒரு பயணம் இரண்டு யூரோவுக்குள் முடியும். அதே டிராமில் ஓட்டுநரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் மூன்று யூரோவுக்கு மேல். போர்ட்டோவில் அந்த அட்டையின் பெயர் ‘அந்தாந்த்’. புகழ்பெற்ற 28-ஆம் எண் டிராமில் கூட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஜேப்படித் திருடர்கள் உண்டு. ஏறுவதென்றால் அதிகாலையில் ஏறுங்கள், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தில் கொடுக்கும் காசுக்கு மிக அதிகமாகத் திருப்பித் தருவது போர்ட்டோவிலிருந்து டோரோ ஆற்றங்கரையோடு பின்யாவ் வரை செல்லும் ரயில்தான் என்பது என் கருத்து. போக 12, வர 12 யூரோ. போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் பிற்பாதி வழி முழுவதும் ஆறும், படிப்படியாய் மலையேறும் திராட்சைத் தோட்டங்களும் கூடவே வரும். இதே பள்ளத்தாக்கைப் படகுச் சுற்றுலாவில் பார்க்க இதைப் போல மூன்று நான்கு மடங்கு கேட்பார்கள்.

ஊருக்குள்ளும் ஊர்களுக்கிடையிலும் ஆகும் பயணங்களை இப்படி எழுதிக் கூட்டலாம்: லிஸ்பன் நகரப் போக்குவரத்து 20, சின்ட்ரா போய்வர 5, எவோராவுக்கு 12, அங்கிருந்து லிஸ்பன் வழியாகக் கோயிம்ப்ராவுக்கு 35, கோயிம்ப்ராவிலிருந்து போர்ட்டோவில் மாறி பிராகாவுக்கு 18, பிராகாவிலிருந்து போர்ட்டோவுக்கு 4, பிராகாவுக்கு அருகிலுள்ள கிமராய்ஷ் நகருக்குப் போய்வர 8, போர்ட்டோ நகரப் போக்குவரத்து 12, பின்யாவ் 24. ஆக 138 யூரோ.

சாப்பாடு

மதிய உணவுதான் போர்ச்சுகலில் கைகொடுப்பது. அலுவலக ஊழியர்கள் சாப்பிடும் சிறிய உணவகங்களில் ‘பிராத்து து தியா’, அதாவது அன்றைய சாப்பாடு, 9 முதல் 12 யூரோவுக்குக் கிடைக்கும். பல இடங்களில் சூப்பும் ஒரு பானமும் காப்பியும் அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிடும். வாசலில் கையால் எழுதிய பலகை இருந்து, அதில் ஆங்கிலம் இல்லாமல், பன்னிரண்டரை மணிக்கே மேசைகள் நிரம்பியிருந்தால் உள்ளே போகலாம். படம் போட்ட பட்டியலோடு வாசலில் நின்று அழைக்கும் ஆளைக் கடந்து போய்விடுங்கள். தனியாகச் சாப்பிடுபவர் ‘மெய தோஸ்’ கேட்டால் பாதி அளவு தருவார்கள். முழு அளவு பல உணவகங்களில் இருவருக்குப் போதும்.

உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். இது இலவசம் அல்ல. ‘குவேர்’ என்ற பெயரில் ரசீதில் வரும். வாடிக்கையாளர் கேட்காததற்கும் தொடாததற்கும் பணம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே சொல்வதால், வேண்டாம் என்றால் புன்னகையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். அதில் யாரும் மனம் கோண மாட்டார்கள். ஆனால் ஓர் ஆலிவை எடுத்துக் கடித்துவிட்டால் கணக்கு தொடங்கிவிட்டது. அன்பளிப்புக் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வருவது வழக்கம்.

ஐரோப்பாவில் தலைக்கு மிக அதிகமாக அரிசி உண்பவர்கள் போர்ச்சுகீசியர்கள் என்பது சோற்றுக்கு ஏங்கும் நம்மவர்களுக்கு ஆறுதலான செய்தி. பெரும்பாலான தட்டுகளில் மீனுக்கோ கறிக்கோ பக்கத்தில் சோறு இருக்கும்; தக்காளிச் சோறும் பயறு கலந்த சோறும் தனியாகவே உண்டு. சைவ உணவுக்காரர்கள் காய்கறி சூப்பைக் கேட்டு வாங்கலாம். இரண்டு மூன்று யூரோதான். ‘கால்து வெர்த்’ என்ற கீரை சூப்பில் மட்டும் பன்றி இறைச்சித் துண்டு ஒன்றைப் போடுவது மரபு. சூப்புக்கு அடிப்படையான சாறும் சில இடங்களில் இறைச்சியில் காய்ச்சியதாக இருக்கும் என்பதால், கறாரான சைவர்கள் விடுதிச் சமையலறையையே பெரிதும் நம்புவது நல்லது. லிஸ்பனில் மார்த்தீம் மொனீஷ் சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் வங்கதேச, இந்தியக் கடைகள் இருப்பதால் பருப்பு, மசாலாப் பொடி எல்லாம் கிடைக்கும். சிறு பொட்டலமாக அங்கே வாங்கி மற்ற ஊர்களுக்கும் எடுத்துச் செல்லலாம்.

இரவு உணவை விடுதியில் சமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிங்கோ தோஸ், கொந்திநெந்த், லிடில் ஆகிய பெருங்கடைகளில் முட்டை, அரிசி, காய், ரொட்டி, தயிர் வாங்கி ஒரு வேளைக்கு 5 யூரோவில் முடிக்கலாம். களைத்துப்போன நாளில் பிங்கோ தோஸில் சமைத்த உணவுப் பகுதியும் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்தது. ஒரு புட்டியைக் கையோடு கொண்டுபோனால் தண்ணீருக்கு ஒரு சென்ட் செலவில்லை. காலையில் காப்பிக் கடையில் நின்றபடி குடிக்கும் சிறிய காப்பி ஏறத்தாழ ஒரு யூரோ. முட்டைக் கூழ் நிறைத்த ‘பஷ்டெல் த நாத்தா’ ஒன்றரை யூரோவுக்குள். அதே காப்பியைச் சதுக்கத்தில் குடை விரித்த மேசையில் உட்கார்ந்து குடித்தால் விலை இரட்டிப்பாகலாம்.

காலைக்கு 3, மதியத்துக்கு 11, இரவுக்கு 5, இடையில் பழத்துக்கும் காப்பிக்கும் 3 என நாளொன்றுக்கு 22 யூரோ. பதினான்கு நாளுக்கு 308. நாளொன்றுக்கான தொகையைப் பதினைந்து யூரோவாகக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும்தான், ஆனால் ஒரு நாட்டின் சமையலை ருசிக்காமல் பெருங்கடை ரொட்டியோடு திரும்புவது என் பார்வையில் சிக்கனமாகாது.

நுழைவுக் கட்டணங்கள்

பார்க்க வேண்டியவற்றைக் காசு கேட்பவை, கேட்காதவை என்று பிரித்து எழுதுங்கள். கேட்காதவற்றின் பட்டியல் நீளமாகவே இருக்கும். லிஸ்பனில் கிராசா, செஞ்யோரா து மோந்த் முதலிய மேட்டுப் பார்வையிடங்கள், கைஷ் து சொத்ரேயிலிருந்து ஆற்றைக் கடந்து ககில்யாஷ் செல்லும் படகு (படகுக் காசு மட்டும்), எவோராவின் ரோமானியக் கோயில், பிராகாவில் பொம் ஜெசூஷ் குன்றின் படிக்கட்டு, போர்ட்டோவில் நீல ஓடுகள் பதித்த சாவ் பெந்து ரயில் நிலையம், லூயிஸ் மன்னர் பாலம் எல்லாம் இதில் சேரும். லிஸ்பனின் ஜெரோனிமுஷ் மடத்துக்குள் செல்ல 18 யூரோ. ஆனால் அதை ஒட்டிய தேவாலயத்துக்குக் கட்டணமில்லை, கோழிக்கோட்டுக்கு 1498-இல் கப்பலில் வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

சின்ட்ராவின் பெனா அரண்மனைக்கு 20 யூரோ. உட்புற அறைகளில் நெரிசலில் நகர்வதைவிடப் பூங்காவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் ஏறக்குறையப் பாதிக் கட்டணத்தில் அரண்மனையின் வெளித்தோற்றத்தை நிதானமாகப் பார்க்கலாம். அரசு அருங்காட்சியகங்களில் ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அந்தச் சலுகை அந்நாட்டில் வசிப்பவர்களுக்கானது. ‘இலவச நடைச்சுற்று’ என்று விளம்பரம் செய்வதும் முழுக்க இலவசமல்ல, இறுதியில் வழிகாட்டிக்கு 10 யூரோவாவது தருவது முறை. மடம் 18, பெனா 20, எவோராவில் சுவரெல்லாம் மனித எலும்புகள் பதித்த சிற்றாலயம் 6, கோயிம்ப்ராப் பல்கலைக்கழகப் பழைய நூலகம் 16, நடைச்சுற்று 10, போர்ட்டோவில் ஒரு திராட்சைமதுக் கிடங்கு அல்லது அதற்கு ஈடான வேறொன்று 20 என்று கொண்டால் 90 யூரோ.

கூட்டிப் பார்த்தல்

தொலைபேசி இணைய இணைப்பு, துணி துவைக்கும் இயந்திரக் கடை, பூட்டுப்பெட்டி இவற்றுக்கு 50 யூரோ ஒதுக்கினால் படுக்கை 402, போக்குவரத்து 138, உணவு 308, நுழைவு 90 ஆகியவற்றோடு சேர்த்து 988 யூரோ. வேலைநிறுத்தம், மருந்து, பிடித்துப்போய் நீட்டிக்கும் ஓர் இரவு இவற்றுக்காக 112 யூரோவைத் தனியே வைத்தால் 1,100 யூரோ, அதாவது 1,15,500 ரூபாய். கிளம்பும் முன் ஆகும் செலவில் விசாவும் சேவைக் கட்டணமும் 12,500, காப்பீடு 2,000, விமானம் 70,000 என்று கொண்டால் முழுப் பயணமும் இரண்டு லட்சம் ரூபாய்.

விமானக் கட்டணம்தான் இதில் மிகவும் ஆடும் எண். இந்தியாவிலிருந்து போர்ச்சுகலுக்கு நேரடி விமானம் இல்லாததால் வளைகுடா நகரம் ஒன்றிலோ ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ மாற வேண்டும். லண்டன் வழி மலிவாகத் தெரிந்தாலும், இந்தியக் கடவுச்சீட்டுடன் அங்கே விமானம் மாறுவதற்கே பெரும்பாலும் தனி விசா தேவைப்படும். ஷெங்கன் சுற்றுலா விசா அதற்கு ஈடாகாது. அந்தக் கட்டணத்தைச் சேர்த்தால் மலிவு காணாமல் போகும்.

மொத்தத் தொகை கைக்கு எட்டவில்லை என்றால், எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளாதீர்கள். லிஸ்பனில் ஓர் இரவையும் போர்ட்டோவில் ஓர் இரவையும் எடுத்துவிட்டுப் பன்னிரண்டு இரவாக்குங்கள். படுக்கை, வரி, உணவு சேர்ந்து நூறு யூரோவுக்கு மேல் குறையும்.

கையில் பணம், கணக்கில் பணம்

யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, அவசரத்துக்கு வேறு வங்கியின் கிரெடிட் கார்டு ஒன்று, 150 யூரோ ரொக்கம் என்று மூன்றாகப் பிரித்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். சாதாரண இந்திய கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்று மூன்றரை சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன் மேல் வரியும் உண்டு என்பதால் அதை அன்றாடம் எடுக்க வேண்டாம். சிறிய உணவகங்கள் சிலவற்றில் உள்நாட்டுக் கார்டை மட்டுமே ஏற்பார்கள், அங்கே ரொக்கம்தான் உதவும்.

பணம் எடுப்பதற்கு நீல நிற ‘எம்.பி.’ குறியுள்ள முல்திபாங்கு இயந்திரங்களை நாடுங்கள், குறிப்பாக வங்கிக் கிளைச் சுவரில் பதித்தவற்றை. சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் வேறு நிறுவன இயந்திரங்கள் தனிக் கட்டணம் எடுப்பதோடு மோசமான மாற்று விகிதத்தையும் காட்டும். எந்த இயந்திரமானாலும், கடையானாலும், ‘ரூபாயில் கணக்கிடலாமா’ என்று திரை கேட்டால் மறுத்து யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் விகிதத்தை அவர்கள் வைப்பார்கள். பல சதவீதம் அங்கேயே போய்விடும்.

பயணத்தின்போது ஒவ்வோர் இரவும் செலவை ஐந்து தலைப்பில் எழுதுங்கள்: படுக்கை, போக்குவரத்து, உணவு, நுழைவு, மற்றவை. அன்றைய மொத்தத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ரயில் டிக்கெட் வாங்கிய நாளில் அது எகிறத்தான் செய்யும். ஓர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அந்த ஊருக்கு ஒதுக்கிய தொகையோடு ஒப்பிடுங்கள். லிஸ்பனில் 40 யூரோ கூடிவிட்டதென்றால் அதை எந்த ஊரில், எந்தத் தலைப்பில் ஈடுகட்டுவது என்பதை அடுத்த ரயிலில் உட்கார்ந்து முடிவுசெய்துவிடலாம்.

ஊர் திரும்பிய பின் ஃபாரெக்ஸ் கார்டில் மீதி இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாத கார்டுக்குச் சில வங்கிகள் மாதந்தோறும் கட்டணம் பிடிக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, செலவாகாத வெளிநாட்டுப் பணத்தைத் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கென்று கையில் வைத்துக்கொள்ளலாம். நாணயங்களை இங்கே எந்த மாற்றுக் கடையும் வாங்காது என்பதால், போர்ட்டோ விமான நிலையத்தில் காப்பிக்குக் கார்டை நீட்டாமல் அவற்றைக் கொட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.